பீனிசமும் அதன் மருத்துவமும்

(நாகபுரியில் நம் சங்கத்தார் கூட்டிய நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று பேசுமாறு எனக்குப் பணிக்கப்பட்டுள்ள பொருள் நாட்பட்ட பீனிசம். ஆங்கில மருத்துவர் 'சைனஸ்' என்று சொல்லும் நோய் இதுவே. மருத்துவர் பலர் வாழும் இந்நகரில், கூட்ஸ் அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தன் ஒருவனை ஏன் பேச அழைத்தனர் என்று சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லேன்; பள்ளியிறுதி வகுப்பு வரையே பயின்றவன். ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக, இந்தியும் மராத்தியும் அறியாத நம்மவர்களுடன் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் துணையாகச் சென்று, இருவர்க்குமிடையே மொழிபெயர்த்துச் சொல்லும் வாய்ப்பு எனக்குப் பன்முறை கிட்டியது. அங்கே கேட்டறிந்தவற்றையும், பின்னர் படித்துத் தெளிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கின்றேன். மருந்து சொல்வது என் வேலையன்று. மருத்துவரிடம் எப்பொழுது செல்லவேண்டும், சென்றால் என்ன சொல்லவேண்டும், அவர் சொல்வதன் பொருள் என்ன என்று விளக்குவதே என் நோக்கம்.

நாம் வாழும் ஊரை எண்ணிப் பாருங்கள். கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டுகிறது. குளிர்காலத்தில் விடியற்காலை நடுக்குகிறது. விதர்ப்பத்துச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ஏற்றிய வண்டிகள் இப்பகுதியின் பாதைகளில் ஓடியவண்ணம் இருக்கின்றன. கரித்தூளும் சிமெண்டுத் தூளும் நம்மிற் பலர்க்கு அன்றாடத் துணை. ஆதலின் மூக்கொழுகினால் 'ஊர் ஒத்துக்கொள்ளவில்லை' என்றும், தலை கனத்தால் 'நீர்க்கோர்வை' என்றும் சொல்லிக்கொண்டு ஆண்டுகளைக் கழிக்கின்றோம். தூசி மூக்கின் சவ்வை உறுத்தும் என்பது உண்மையே. ஆனால் ஊரின்மேல் பழியைப் போட்டுவிட்டு, உள்ளே வளரும் நோயைப் பாராமல் இருப்பது அறிவுடைமை ஆகாது.

முதலில் இந்நோயின் இருப்பிடத்தைப் பார்ப்போம். நம் முகத்து எலும்புகள் முழுதும் கெட்டியானவை அல்ல. அவற்றுள் காற்று நிறைந்த அறைகள் நான்கு இணைகளாக அமைந்துள்ளன. கன்னங்களுக்குள் ஓர் இணை. நெற்றிக்குள் ஓர் இணை. கண்களுக்கு இடையே தேன்கூட்டின் கண்ணறைகள்போல் ஓர் இணை. மூக்கின் பின்னே, மண்டையின் அடித்தளத்தை ஒட்டி ஓர் இணை. கன்னத்து அறையை இங்கிலாந்தைச் சேர்ந்த நத்தானியேல் ஹைமோர் என்னும் மருத்துவர் 1651-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கினார். அதனால் நெடுங்காலம் அது அவர் பெயராலேயே வழங்கி வந்தது.

இவ்வறைகளின் உட்சுவரை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. அச்சவ்வு நாள்தோறும் சிறிது சிறிதாகக் கோழையைச் சுரக்கிறது. கோழை என்றதும் முகம் சுளிக்கவேண்டா. தூசியையும் கிருமியையும் ஒட்டிக்கொண்டு வெளியேற்றும் துப்புரவுப் பணியாளன் அது. சவ்வின் மீது கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உள்ளன. அவை ஓயாது அசைந்து, கோழையை அறையின் வாய் நோக்கித் தள்ளுகின்றன. கன்னத்து அறையின் வாய் அடியில் இல்லை, மேற்புறத்தில் இருக்கிறது. ஆகவே நுண்மயிர்கள் கீழிருந்து மேலாகக் கோழையைச் சுமந்து செல்லவேண்டும். வாயோ மிகச் சிறியது. சவ்வு சற்றே வீங்கினாலும் அது அடைபட்டுவிடும்.

நம்மவர்க்குத் தெரிந்த உவமை ஒன்று சொல்கிறேன். யார்டில் வண்டி நிறுத்தப் பத்துப் பாதைகள் இருக்கலாம். ஆனால் வெளியேறும் வாய் ஒன்றே. அந்த ஒரு பாயிண்டு பழுதுபட்டால் பத்துப் பாதைகளிலும் வண்டிகள் தேங்கிவிடும். அப்பொழுது தேங்கிய வண்டிகளைக் குறை சொல்லிப் பயனில்லை, பாயிண்டைச் சீர்செய்யவேண்டும். பீனிச மருத்துவத்தின் கருத்தும் ஏறக்குறைய இதுவே.

சாதாரணச் சளி ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ தணிந்துவிடும். நாட்பட்ட பீனிசம் என்பது வேறு. மூக்கடைப்பு, மூக்கின் முன்னோ தொண்டைப் பக்கமோ இறங்கும் சளி, முகத்தில் வலி அல்லது அழுத்தம், மணம் அறியாமை ஆகிய நான்கனுள் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று மூக்கடைப்போ சளியோ ஆதல் வேண்டும். இவை 12 வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கவேண்டும். அதன் பின்னரும் மூக்கினுள் எண்டாஸ்கோப் என்னும் மெல்லிய தொலைநோக்குக் குழல் செலுத்திப் பார்த்தோ, சி.டி. ஸ்கேன் எடுத்தோ மருத்துவர் உறுதி செய்யவேண்டும்.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. தலைவலி என்றாலே 'சைனஸ்' என்று நாமே பெயர் வைத்துக்கொள்கின்றோம். அமெரிக்காவில் தமக்குச் 'சைனஸ் தலைவலி' என்று சொல்லிக்கொண்ட ஏறக்குறைய 3,000 பேரை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 88 பேர்க்கு இருந்தது ஒற்றைத் தலைவலியின் இலக்கணம்! அத்தகையோர்க்கு மூக்கில் அறுவை செய்தால் தலைவலி தீருமா? எனவே நோய் இன்னது என்று தெளிவதே மருத்துவத்தின் முதற்படி.

இதற்கு மாறான நிலையும் உண்டு. நம் குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவர் இருப்புப்பாதைப் பராமரிப்பில் பணிபுரிபவர். அவர்க்கு ஆறு ஆண்டுகளாக மூக்கடைப்பும் தலைபாரமும் இருந்தன. மருத்துவரிடம் அவர் சொல்லத் தெரிந்த இந்திச் சொல் 'சிர் தர்த்' என்பது ஒன்றே. தலைவலி என்றவர்க்குத் தலைவலி மாத்திரை கிடைத்தது. தமக்கு மணமே தெரிவதில்லை என்பதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. அது நோயின் அடையாளம் என்றே அவர் அறியார். ஒருநாள் சமையலறையில் எரிவாயு கசிந்துகொண்டிருக்க, அவர் அடுப்பருகே அமர்ந்து தீப்பெட்டியை எடுத்திருக்கிறார். தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த அவர் துணைவியார் நாற்றத்தை உணர்ந்து அலறியதால் அக்குடும்பம் பிழைத்தது. மணம் அறியாமை சிறு குறையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதன் பின்னர் அவருடன் நான் மருத்துவரிடம் சென்றேன். மணம் தெரியவில்லை என்று சொன்ன அளவிலேயே மருத்துவர் குழலை எடுத்து மூக்கினுள் நோக்கினார். இருபுறமும் உரித்த திராட்சைபோல் சதை வளர்ந்திருந்தது. இதனைப் 'பாலிப்' என்பர். பீனிசத்தில் சதை வளர்ச்சி உள்ளது, இல்லாதது என இரு வகை உண்டு. சதை வளர்ச்சி உள்ளவர்களிற் பலர்க்கு ஆஸ்துமாவும் இருக்கும். மூக்கும் நுரையீரலும் ஒரே வழியின் இரு முனைகள் அல்லவா? அவர்களுள் சிலர்க்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் மூச்சுத்திணறலை உண்டாக்கும். அத்தகையோர் கடையில் தாமே வாங்கி வலி மாத்திரை உண்பது ஆபத்து. மற்றொன்று: சளி ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்துடன் வந்தால், மேற்கடைவாய்ப் பல்லையும் சோதித்துக்கொள்ளவேண்டும். அப்பற்களின் வேர் கன்னத்து அறையின் தரையை ஒட்டியிருப்பதால், சொத்தைப் பல்லே நோய்க்கு மூலமாதல் உண்டு.

இனி மருத்துவத்திற்கு வருவோம். முதல் மருந்து உப்புநீர். ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புச் சேர்த்து, வெதுவெதுப்பான சூட்டில் ஒரு நாசியில் விட்டு மறு நாசி வழியே வெளியேற்றவேண்டும். யோகியர் 'நேதி' என்ற பெயரால் செய்துவந்த மூக்குத் தூய்மையை இன்றைய மருத்துவரும் முதல் வரிசையில் வைக்கின்றனர். ஆனால் நீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றியே பயன்படுத்தவேண்டும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்நீரை அப்படியே மூக்கில் விட்ட இருவர், அந்நீரிலிருந்த அமீபா என்னும் நுண்ணுயிர் மூளையைத் தாக்கியதால் இறந்தனர். குடித்தால் தீங்கு செய்யாத நீரும் மூக்கின் வழியே சென்றால் உயிரைக் குடிக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்து. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் அஞ்சுகின்றனர். தெளிப்பான் வழியே செல்லும் மருந்து சவ்வின் மேலேயே வேலை செய்கிறது. இன்று வழங்கும் மருந்துகளில் உடலினுள் கலப்பது மிகச் சிறிதளவே. ஒருநாள் தெளித்துவிட்டுப் பயனில்லை என்று ஒதுக்கிவிடக்கூடாது. முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இட நாசியிலும் இடக்கையால் வல நாசியிலும் தெளித்தால், மருந்து நடுத்தண்டில் படாமல் பக்கச் சுவரில் படும். இரத்தக் கசிவும் குறையும். சதை வளர்ச்சி மிகுந்தவர்க்கு மருத்துவர் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுப்பதுண்டு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் அவற்றை முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும்.

மூன்றாவதாக, செய்யத்தகாத ஒன்று. மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு வாரத்திற்கு மேல் அவற்றைத் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்னைவிட மிகுதியாக வீங்கும். மீண்டும் சொட்டு, மீண்டும் வீக்கம்; ஈட்டிக்காரனிடம் வாங்கிய கடன்போல் அது தீரவே தீராது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் அவ்வாறே. நாட்பட்ட பீனிசம் பெரும்பாலும் சவ்வின் வீக்கத்தால் வருவது. கிருமியால் மட்டும் வருவதன்று. மருத்துவர் எழுதாமல் அவற்றை வாங்கி உண்பதால் கிருமிகள் மருந்துக்கு அடங்காத நிலை அடைகின்றனவே அன்றி, நோய் தீர்வதில்லை.

நொச்சித்தழை இட்டு ஆவி பிடிப்பதை நம் தாய்மார்கள் கேட்பார்கள். ஆவி சளியை இளக்கி ஆறுதல் தரும், தடையில்லை. ஆயின் சதை வளர்ச்சியை அது கரைக்காது. கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தைகளை உட்காரவைப்பது மட்டும் வேண்டா. பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு.

இவ்வாறு முறையாகச் சில மாதங்கள் மருந்து செய்தும் நோய் தணியாதவர்க்கே அறுவை மருத்துவம். இங்கே அச்சம் பெரிது. 'மூளைக்குப் பக்கத்தில் கத்தி வைப்பதா? வெட்டினாலும் மறுபடி வளருமே' என்று கேட்கின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்லுமுன் சிறிது வரலாறு சொல்கிறேன்.

1893-இல் நியூயார்க் நகரத்துக் கால்டுவெல்லும், 1897-இல் பாரிசு நகரத்து லூக்கும், மேலுதட்டின் உட்புறம் கீறி, எலும்பைத் திறந்து, கன்னத்து அறையின் சவ்வைச் சுரண்டியெடுக்கும் முறையைத் தனித்தனியே வகுத்தனர். இருவர் பெயராலும் வழங்கிய அம்முறையே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. முகம் வீங்கும், கன்னம் மரத்துப்போகும். நம் பாட்டன்மார் காலத்து அச்சம் அன்றைய முறையைக் கண்டு எழுந்தது, அதில் வியப்பில்லை.

பின்னர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மெசர்க்ளிங்கர் என்னும் பேராசிரியர், கோழை எவ்வழியே செல்கிறது என்பதைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். அறையின் சுவரில் வேறிடத்தில் துளையிட்டாலும், நுண்மயிர்கள் கோழையை இயற்கையான வாயை நோக்கியே தள்ளுகின்றன என்று கண்டார். ஆகவே சவ்வைச் சுரண்டுவதன்று, அடைபட்ட இயற்கை வாயைத் திறந்துவிடுவதே வழி என்பது தெளிவாயிற்று. இங்கிலாந்தின் ஆப்கின்ஸ் என்னும் இயற்பியலறிஞர் ஆக்கிய கண்ணாடித்தண்டுக் குழல், இருண்ட மூக்கினுள் ஒளியும் தெளிவும் தந்தது. சி.டி. ஸ்கேன் எலும்பறைகளின் வரைபடத்தையே மருத்துவர் கையில் கொடுத்தது. மெசர்க்ளிங்கரின் வழியை ஸ்டாம்பர்கரும் அமெரிக்காவின் கென்னடியும் உலகெங்கும் பரப்பினர். 1985 முதல் இம்முறை 'பெஸ்' என்னும் சுருக்கப் பெயரால் வழங்குகிறது.

இதில் முகத்தில் கீறல் இல்லை, தழும்பு இல்லை. மயக்க மருந்து கொடுத்து, நாசித்துளை வழியே குழலும் நுண்கருவிகளும் செலுத்தி, சதையையும் வழியை அடைக்கும் மெல்லிய எலும்புத் தகடுகளையும் அகற்றுவர். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். கண்குழிக்கும் இவ்வறைகளுக்கும் இடையே உள்ள எலும்பு காகிதம் போன்றது. மேலே மூளையின் அடித்தளம். எனவே தேர்ந்த கையும் தெளிந்த வரைபடமும் இன்றியமையாதவை. பிரித்தானியாவில் 2000, 2001 ஆண்டுகளில் அறுவை செய்துகொண்ட 3,128 பேரைக் கணக்கெடுத்தபோது, பெருந்தீங்கு நேர்ந்தது ஆயிரத்தில் நால்வர்க்கே. முதற் கேள்விக்கு இதுவே விடை.

இரண்டாம் கேள்விக்கும் அதே கணக்கில் விடை உண்டு. 5 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்கு மறு அறுவை வேண்டியிருந்தது. மறுபடி வளர்வது உண்மையே. ஆனால் எல்லார்க்கும் அன்று. அறுவை என்பது வழியைத் திறப்பது; சவ்வின் குணத்தை மாற்றுவதன்று. ஆதலின் அறுவைக்குப் பின்னும் உப்புநீரும் தெளிப்பானும் தொடரவேண்டும். 'அறுவை ஆயிற்று, இனி மருந்தெதற்கு?' என்று விட்டுவிடுவோர்க்கே சதை விரைந்து திரும்புகிறது. முதல் சில நாட்கள் மூக்கைப் பலமாகச் சிந்துதல் கூடாது. பளு தூக்குதல் கூடாது. குறித்த நாளில் சென்று உள்ளே காய்ந்த பொருக்கை எடுத்துக்கொள்ளவேண்டும்.

2025-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் பிரித்தானிய ஆய்வொன்று வெளிவந்தது. 500-க்கும் மேற்பட்ட நோயாளரை மூன்று குழுவாக்கினர். அனைவர்க்கும் மூக்கு மருந்து தொடர்ந்தது. ஒரு குழுவினர்க்கு அறுவை, ஒரு குழுவினர்க்கு நெடுநாள் நுண்ணுயிர்க்கொல்லி, ஒரு குழுவினர்க்கு வெற்று மாத்திரை. 6 மாதங்களுக்குப் பின் அறுவை செய்துகொண்டோரே தெளிவான நலம் பெற்றிருந்தனர். நுண்ணுயிர்க்கொல்லி வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. கட்டுக்கடங்காத சதை வளர்ச்சிக்கு டூப்பிலுமாப் என்னும் ஊசிமருந்தை 2019-இல் அமெரிக்க அரசு ஏற்றது. இரு வாரத்திற்கு ஒருமுறை தோலடியில் போடுவது, பயன் உண்டு. ஆனால் அதன் விலை நம்மனோர்க்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

நான் முன்னர்ச் சொன்ன அன்பர்க்கும் அறுவை நடந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, தாளிதத்தில் பெருங்காய மணம் தெரிகிறது என்று துணைவியாரை அழைத்துச் சொன்னாராம். அவர் இன்றும் உப்புநீரை விடவில்லை. எரிவாயு உருளையை அணைத்துவிட்டே உறங்குகிறார்.

அன்பர்களே! ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாகவேண்டும். 2021-இல் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், கரும்பூஞ்சை நோய் நம் நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. நம் மராட்டிய மாநிலத்திலும் மிகப் பலர் வருந்தினர். அப்பூஞ்சை மூக்கறைகளில் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் பரவியது. கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோரே பெரும்பாலும் அதற்கு இரையாயினர். கண்ணையும் மேல்தாடையையும் இழந்து உயிர் தப்பியவர் பலர். பெருந்தொற்று அடங்கிவிட்டாலும் பூஞ்சை ஒழிந்துவிடவில்லை. நீரிழிவு உடையவர்க்கு முகத்தில் ஒருபக்க வீக்கம், மரமரப்பு, மூக்கிலிருந்து கறுத்த சளி, அண்ணத்தில் கருமை, கண் வீக்கம், பார்வை இரட்டிப்பு இவற்றுள் எது தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நாளைக்கு என்று தள்ளுதல் கூடாது. நீரிழிவு இல்லாதார்க்கும், கண் வீக்கமோ, பார்வை மங்கலோ, கழுத்து விறைப்புடன் கூடிய கடுந்தலைவலியோ கண்டால் அதே விரைவு வேண்டும்.

திருவள்ளுவப் பெருந்தகை, மருத்துவம் என்பதை நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என நான்காகப் பகுத்தார். முதல் மூன்றும் இந்நகரில் உள்ளன. புகைவண்டித்துறையினர்க்குத் துறையின் மருத்துவமனை உண்டு; இட்லிக்கடையும் பூக்கடையும் வைத்துப் பிழைக்கும் நம்மவர்களுள் தகுதியுடைய குடும்பங்கட்கு, ஆண்டிற்கு 5 இலட்சம் உரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீடு உண்டு. குறைபடுவது நான்காவதே. சொந்த ஊரில் அண்ணன், அத்தை, அண்டை வீட்டார் என ஒருவர் உடன் வருவார். இங்கே வருபவர் யார்? நோயைச் சொல்ல மொழியின்றி நம்மவர் திகைக்கின்றனர். மணம் என்பதற்கு மராத்தியில் 'வாஸ்' என்பார்கள். நம் 'வாசம்' என்னும் சொல்லுக்கு எத்துணை நெருக்கம்! 'வாஸ் யேத் நாஹீ' என்னும் மூன்று சொற்களைச் சொல்ல அறிந்திருந்தால் அந்த அன்பரின் ஆறு ஆண்டுகள் வீணாகியிரா.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மொழி அறிந்த அன்பர்கள் சிலர் முறைவைத்து, மருத்துவமனை செல்வோர்க்குத் துணை போகும் ஏற்பாட்டைச் சங்கம் மேற்கொள்ளவேண்டும். இன்னின்ன நோய்க்குறியை இந்தியிலும் மராத்தியிலும் இவ்வாறு சொல்க என்று தமிழெழுத்தில் ஒரு சிறு தாளும் அச்சிட்டு வழங்கவேண்டும். அத்தாளை எழுதித்தரும் பணியையும், வாரத்தில் ஒருநாள் துணை செல்லும் பணியையும் நான் ஏற்றுக்கொள்கின்றேன். விழா எடுப்பதும் நாடகம் நடத்துவதும் சங்கத்தின் அழகு. நோயுற்ற தமிழரின் அருகே நிற்பது அதன் கடமை.